தம்பிக்கு ஹெவி லைசென்ஸ் வந்தாச்சு... லோக்கலா, லைனா?

தபால்காரர் ஸ்பீடு போஸ்ட்டில் கொண்டுவந்த கவரை அம்மா பிரிக்கவே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் குங்குமம் தொட்டுவிட்டு, தம்பி குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தார். உள்ளே இருந்தது அவனுடைய ஹெவி லைசென்ஸ்.

நான் அன்றைக்கு லீவில் ஊருக்கு வந்திருந்தேன். தம்பி கவரைப் பிரித்து கார்டை அப்பாவிடம் நீட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். சந்தோஷம் என்றோ, போட்டோவில் ஏன்டா இப்படி முறைக்கிற என்றோ சொல்லவில்லை.

"லோக்கலா, லைனா?"

அவ்வளவுதான் கேட்டார். அடுப்படிக்குள்ளிருந்து அம்மா முந்திக்கொண்டார். "லோக்கல்தான். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தால் எதிர்த்துப் பேசுகிறான் என்று அர்த்தம்.

லாரிக்காரர் வீட்டில் பிறக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் "லைன் வண்டி" என்றால் மாநிலம் தாண்டிப் போகிற லாரி. கிளம்பினால் 8 நாளோ, 15 நாளோ கழித்துத்தான் வீடு. "லோக்கல்" என்றால் குவாரி டிப்பர், மில் வண்டி, ரேஷன் லோடு, தண்ணி லாரி என்று எப்படியும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிற வேலை. ஹெவி எடுத்த ஒவ்வொரு பையனும் முதல் வாரமே பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது.

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டும் பிரியாணியும்தான். லாரிக்காரர்களுக்கோ அது நாலாபக்கமும் கதவு திறந்த வீடு. வடக்கே கரூர், நாமக்கல், சேலம் வழியாக பெங்களூரு. தெற்கே மதுரை. மேற்கே பழனி, பொள்ளாச்சி. கிழக்கே மணப்பாறை, திருச்சி. இன்னொரு பக்கம் தேனி, குமுளி. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிற 44-ம் எண் நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி கேரளாவுக்குப் போகிறது. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களுக்கு குஜராத், மகாராஷ்டிராவிலிருந்து பஞ்சு பேல் வருகிறது. இங்கிருந்து நூல் மூட்டை இச்சல்கரஞ்சிக்கும் பிவண்டிக்கும் போகிறது. டிரைவருக்கு வேலை இல்லை என்ற பேச்சே இல்லை. எந்த வேலை என்பதுதான் பேச்சு.

அப்பா 22 வருஷம் லைன் ஓட்டியவர். இந்தியா மேப்பை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. "அப்பா இன்னிக்கு எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஓசூர், தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர். இந்த வரிசை இன்றைக்கும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி வரும்.

அப்பா வீட்டுக்கு வந்தால் எங்களுக்குத் திருவிழா என்று நினைப்பீர்கள். அப்பா வந்தால் வீட்டில் சத்தம் போடக் கூடாது. முதல் நாள் முழுக்கத் தூங்குவார். இரண்டாம் நாள் பட்டறையில் வண்டியோடு நிற்பார். மூன்றாம் நாள் லாரி செட்டிலிருந்து போன் வந்துவிடும். நடுவில் என்னைப் பார்த்து, "பாப்பா, இப்ப எத்தனாவது?" என்று கேட்பார். போன தடவையும் இதையே கேட்டோம் என்று ஞாபகம் வந்து அவரே சிரிப்பார்.

பாட்டி இறந்தபோது அவர் நாக்பூர் பக்கம் இருந்தார். லோடு பாதி இறக்கியிருந்தது. வண்டியை கிளீனரிடம் விட்டுவிட்டு ரயில் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெற்ற தாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அடுப்படியிலிருந்து அம்மா சொன்ன "லோக்கல்தான்" என்பதற்குள் இதெல்லாம் இருந்தது.

இடுப்பு வலியும் சுகரும் வந்த பிறகு அப்பா லைனை விட்டார். இப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு மில் கேட்டில் உட்கார்ந்து, வருகிற லாரி, போகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுதுகிறார். பழைய சேக்காளிகள் அந்த வழியாகத்தான் வருவார்கள், போவார்கள். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம்.

தம்பிக்கு 21 வயது. லாரி மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வருஷத்தை இவன் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் குட்டி யானை ஓட்டிக் கழித்தான். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மறுபடியும் சொன்னபோது, அந்தத் தீர்ப்பு லிங்கை அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

அவன் மனசு லைனில்தான் இருந்தது. போனைத் திறந்தால் லாரி வீடியோ. ஜார்க்கண்டைச் சேர்ந்த ராஜேஷ் ரவானி கேபினுக்குள்ளேயே மீன் குழம்பு வைப்பார். கோட்டயம் பக்கத்து ஜெலஜா ரதீஷ் குடும்பத்தோடு காஷ்மீர் வரை லாரியில் போய்வருவார். "பாருக்கா, ஒரு அக்கா ஓட்டுறாங்க. நான் ஓட்டக் கூடாதா?" என்பான். 2025 அக்டோபர் 1-க்கு மேல் தயாராகிற லாரிகளுக்கு கேபினில் ஏசி கட்டாயம் என்ற செய்தியையும் அவன்தான் எனக்குச் சொன்னான், நான் அவனுக்கு இல்லை.

அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "இனிமே செய்யுற வண்டிக்குத்தானே ஏசி? உனக்கு ஓனர் குடுக்கப்போறது பழைய வண்டி. இன்ஜின் சூட்டுல பாதம் வேகும். பழகிக்க."

நான் அம்மா பக்கம் நின்றேன். படித்த பிள்ளை அல்லவா, ஆதாரத்தோடு நின்றேன். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 10 நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களிடம் பேசியிருந்தார்கள். ஒரு டிரைவர் சராசரியாக நாளுக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஓட்டுகிறார். தூக்கம் வந்தாலும், உடம்பு சோர்ந்தாலும் ஓட்டத்தான் செய்கிறோம் என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள். இந்த வேலைக்கு வா என்று என் வீட்டு ஆளைக் கூப்பிட மாட்டேன் என்றவர்கள் 84 சதவிகிதம்.

சாப்பிடும்போது இதை வாசித்துக் காட்டினேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "மீதி 16 பேரு யாரு? ஓனருங்களா?" என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. "அக்கா, நீ மெட்ராஸுக்குப் போய் 3 வருஷம் ஆச்சு. மாசத்துக்கு ஒருவாட்டி பாண்டியன்ல வந்து விடியுமுன்னாடி இறங்குற. வந்ததும் தூங்குற. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து போன் வருது. மறுநாள் கெளம்பிடுற. நீ மட்டும் லைன்ல இருக்கலாம், நான் லோக்கல்ல இருக்கணுமா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. டிஜிட்டல் டெஸ்க் என்றால் நாளைக்கு 3 ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்து ஹாஸ்டலில் பகலெல்லாம் தூங்குகிறவள் நான். அம்மா என்னிடம் ஒருநாளும் "லோக்கல்ல வேலை பாரு" என்று சொன்னதில்லை. வெளியூர் வேலை எனக்கு என்றால் முன்னேற்றம், அவனுக்கு என்றால் தலையெழுத்தா?

ஆனாலும் முதல் சுற்றில் அம்மாதான் ஜெயித்தார். தம்பி லோக்கலுக்குப் போனான். குவாரி டிப்பர். ஜல்லி, எம்.சாண்ட் லோடு.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்றால் நிம்மதி என்று நினைத்திருந்தோம். டிப்பரில் மாசச் சம்பளம் என்பது பேருக்குத்தான். நடைக் கணக்கில்தான் காசு. ஒரு நடை என்றால் குவாரியில் லோடு ஏற்றி, கட்டடம் நடக்கிற இடத்தில் கொட்டிவிட்டு, காலி வண்டியாகக் குவாரிக்குத் திரும்புவது. 4 நடை அடித்தால் சாப்பாட்டுக்கு ஆகும். 6 நடை அடித்தால்தான் கையில் நிற்கும். குவாரியில் வரிசை, எடை மேடையில் வரிசை. பள்ளிக்கூட நேரத்தில் டவுனுக்குள் வண்டியை விட முடியாது. அதனால் விடியற்காலை 3 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புவான். ராத்திரி 9, 10 மணிக்குத் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வருவான். சாப்பிட்டுக்கொண்டே தூங்குவான்.

"வீட்டுலதான் இருக்கான். ஆனா லாட்ஜுல வந்து தங்குற மாதிரி இருக்கான்" என்று அம்மா போனில் சொன்னார்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. லோக்கல் ஓட்டுவது சுலபம் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைப்பது தப்பு. ஹைவேயில் லாரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். லோக்கலில் நாள் முழுக்க சந்து, பொந்து, ரிவர்ஸ். மேலே கரன்ட் கம்பி. பக்கவாட்டில் சாக்கடை மூடி. பின்னால் யார் வீட்டுக் குழந்தை நிற்கிறதோ தெரியாது. "லைன்ல ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். லோக்கல்ல ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டணும்" என்பார் அப்பா. பழகாத கைக்கு லோக்கல் கொடுப்பதும், பழகிய கையை லைனுக்கு அனுப்புவதும் ஊர் வழக்கம். கஷ்டமான ரிவர்ஸ் எல்லாம் புதுப்பையன் தலையில்தான் விழும்.

மூன்றாவது மாசம் அது நடந்தது. ராத்திரி 8 மணி, அன்றைக்கு 6-வது நடை. தம்பி டிப்பரைச் சந்துக்குள் பின்னால் எடுத்தான். கை காட்ட ஆள் இல்லை. கொத்தனார் வேலையாட்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஒரு காம்பவுண்டு சுவர் 10 அடி நீளத்துக்கு உட்கார்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் திண்ணையில் ஒரு பெரியவர் படுத்திருந்தார், அவ்வளவுதான் தூரம். சுவருக்கான காசை வண்டி ஓனர் தம்பி கணக்கில் பிடித்தார். "வண்டி உன் கையில இருந்துச்சுல்ல?" என்றாராம்.

அன்றைக்கு ராத்திரி தம்பி என்னைக் கூப்பிட்டான். சுவரைப் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை. "அக்கா, நான் கண்ண மூடல. தூங்கவும் இல்ல. ஆனா கண்ணாடியில பாத்தது மனசுக்குப் போய்ச் சேரல" என்றான். இதைவிடத் தெளிவாகக் களைப்பைச் சொல்லி நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். 1961-ல் நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று அது சொன்னது. 5 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. அப்பாவிடம் சொன்னேன். 22 வருஷத்தில் அப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கிற ஓனர்களிடம்தான் அவர் பெரும்பாலும் ஓட்டியிருக்கிறார். சட்டத்தின் வாசல்படிக்குக்கூட அவர் போகவில்லை.

ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும். நாளுக்கு 9 மணி நேரம்தான், வாரத்தில் 2 நாள் மட்டும் 10 வரை போகலாம். எவ்வளவு ஓட்டினார் என்பதை வண்டியில் இருக்கிற கருவியே எழுதி வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் இன்னொரு விஷயம் கவனித்தேன். அங்கே 18 வயதில் லாரி லைசென்ஸ் எடுத்துத் தன் மாநிலத்துக்குள் ஓட்டலாம். ஆனால் மாநிலம் தாண்டிச் சரக்கு கொண்டுபோக, பொதுவாக 21 வயது ஆக வேண்டும். அதாவது லோக்கலா, லைனா என்ற கேள்விக்கு அங்கே வயதை வைத்துச் சட்டமே ஒரு பதில் சொல்கிறது. இங்கே 20 வயதில் கார்டு கைக்கு வந்த அன்றைக்கே காஷ்மீர் வரைக்கும் போகலாம். கேள்வியும் பதிலும் வீட்டுக்காரர்கள் பொறுப்பு.

அடுத்த லீவில் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். கேரளா வண்டிகள் லோடு ஏற்றுகிற நேரம். முருங்கைக்காய்க் கட்டும் தக்காளிப் பெட்டியும் மேலே ஏறிக்கொண்டிருந்தன. 50 வயதைத் தாண்டிய ஒரு டிரைவர் அண்ணனிடம் தம்பி விஷயத்தைச் சொல்லி, நீங்கள் லோக்கலா, லைனா என்று கேட்டேன்.

"எனக்கே தெரியலம்மா. ஸ்டேட்டு தாண்டிப் போறேன், அதனால லைனு. மறுநாளு வீட்டுல இருக்கேன், அதனால லோக்கலு. ராத்திரி பூரா ஓட்டுறேன். பகல்ல தகரக் கொட்டாயில படுத்துப் பொரளுறேன். 18 வருஷமா என் வீட்டுக்காரம்மாவும் நானும் ஒரே நேரத்துல தூங்குனது இல்ல" என்றார். பிறகு அவராகவே, "உங்க தம்பிக்கு பக்கத்து சீட்டுல யாரு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் நேராக யாரும் டிரைவர் ஆகிவிட மாட்டார்கள். கிளீனராக ஏறுவார்கள். தார்ப்பாய் கட்ட, கயிறு இறுக்க, டயர் தட்டிப் பார்க்கப் பழகுவார்கள். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் பெரியவர் அரை மணி நேரம் ஸ்டியரிங்கைத் தருவார். அப்படி 3, 4 வருஷம் போன பிறகுதான் தனி வண்டி. இப்போது கிளீனர் சம்பளம் மிச்சம் என்று முக்கால்வாசி வண்டி ஒற்றை ஆளோடுதான் போகிறது. லைசென்ஸ் வாங்கிய பையனுக்கு லாரி தெரியும். லோடு தெரியாது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அதைப் பற்றித் தேடினேன். நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது 2 டிரைவர் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்திருக்கிறது. 2018-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பக்கத்து சீட் சட்டப்படியே காலியாகிவிட்டது.

நாங்கள் வீட்டில் இவ்வளவு நாள் சண்டை போட்டது தூரத்தைப் பற்றி. ராத்திரி வீட்டில் படுக்கிறானா, வெளியூரில் படுக்கிறானா என்று. அவனுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா, காசு நடைக் கணக்கா மாசக் கணக்கா, எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்கிறது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிப்பரில் அவன் வீட்டிலிருந்து 20 கிலோமீட்டரில் இருந்தான். அந்தச் சந்துக்குள் தன்னந்தனியாக இருந்தான்.

சொல்லிவைத்த மாதிரி அப்பாவின் மில் கேட்டுக்கு அவருடைய பழைய சேக்காளி ஒருவர் நூல் லோடு ஏற்ற வந்தார். எங்களுக்கு மாமா முறை இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து மாமாதான். இச்சல்கரஞ்சிக்குப் போகிற வண்டி. அவரோடு ஓட்டிய இரண்டாவது டிரைவர் சொந்த வண்டி வாங்கிப் போய்விட்டார். "நம்ம பையன அனுப்பேன்" என்று அவர் கேட்டிருக்கிறார்.

அப்பா உடனே தலையாட்டவில்லை. ஓனரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் எதற்கு என்றேன். "நீ பத்திரிகைக்காரி. சும்மா பக்கத்துல உக்காரு" என்றார். 22 வருஷம் அவர் எந்த ஓனரிடமும் கேட்காததை எல்லாம் அன்றைக்கு மகனுக்காகக் கேட்டார். சம்பளம் மாசமா, டிரிப்பா? படி தனியா? டயர் வெடித்தால் யார் கணக்கு? போலீஸ் கேஸ் போட்டால் யார் கட்டுவது? பார்ட்டி லோடு இறக்க 2 நாள் தாமதம் செய்தால் அந்த 2 நாளுக்குப் படி உண்டா?

ஓனர் கொஞ்சம் நெளிந்தார். "சரக்கு ரெண்டு நாள்ல போய்ச் சேந்தாகணும்ணே, அதுமட்டும்தான் எனக்கு" என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திண்டுக்கல்லிலிருந்து இச்சல்கரஞ்சி ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அவகாசம் தருகிறது. அப்படியென்றால் கவர்மென்ட் கொடுக்கிற நேரம் 5 நாள். 2 நாள் என்பது யாருடைய கணக்கு?

ஓனர் என்னைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். கடைசியில் இரண்டரை நாள் என்று முடிந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி கூடக் கிடைத்தது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஆக்சிடென்ட் பயம். 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் வட மாநிலங்களில் வண்டிகளை நிறுத்திப் போராடினார்களே, விபத்தில் ஆள் இறந்து, தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை ஜெயில் என்ற பிரிவுக்காக, அதை அம்மா மறக்கவே இல்லை. அந்தப் பிரிவை மட்டும் அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்தார்கள் என்று சொன்னேன். "நிறுத்தித்தானே வச்சிருக்காங்க?" என்றார். அப்புறம் கல்யாணப் பேச்சு. லைன் டிரைவருக்கு எவன் பொண்ணு தருவான்?

"நான் தந்தாங்கல்ல?" என்று அப்பா விளையாட்டாகச் சொல்லப்போய், வார்த்தை குழறி, பாதியில் நிறுத்தினார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க 22 வருஷம் லைன் ஓட்டுனீங்க. நான் 22 வருஷம் லோக்கல் ஓட்டுனேன். ரேஷன், கேஸ், ஸ்கூலு, ஆஸ்பத்திரி, உங்க அம்மா... எல்லா நடையும் நான்தான் அடிச்சேன். எனக்கு யாரு பக்கத்து சீட்டுல இருந்தா?"

வீட்டில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து அம்மா பக்கத்தில் வைத்தார். 22 வருஷத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கடைசியில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ராத்திரி 1 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் வண்டி நிற்க வேண்டும். யார் ஓட்டினாலும் சரி, எந்த ஊராக இருந்தாலும் சரி. மாமாவைப் போனில் கூப்பிட்டு அம்மாவே பேசினார். "உங்க தங்கச்சி சொல்றேன்னு வச்சுக்கங்கண்ணே." அவர் சரி என்றார்.

தம்பி கிளம்பியபோது நான் சென்னை வந்துவிட்டேன். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததை வீடியோ காலில் பார்த்தேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவன் இடது பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங் அவன் கைக்கு நாமக்கல் தாண்டித்தான் வரும் என்று மாமா சொல்லிவிட்டாராம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பியிருந்தான். அது 8 மணி நேரம்தான் ஓடும், முடிந்ததும் மறுபடி அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். பிரேக்கிங் செய்திகளுக்கு நடுவில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரூர். நாமக்கல். சேலத்தில் ரொம்ப நேரம் நின்றது, சாப்பாடாக இருக்கும். தொப்பூர் மலைப்பாதையில் புள்ளி நகர்ந்தபோது நான் கீபோர்டில் கை வைக்கவில்லை. 1 மணி ஆனது. கிருஷ்ணகிரி தாண்டிப் புள்ளி போய்க்கொண்டே இருந்தது. 1:10. 1:20. கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன், வைத்தேன். ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ.

1:35-க்கு சூளகிரி பக்கம் புள்ளி நின்றது.

2 நிமிஷத்தில் அம்மா கூப்பிட்டார். ஊரில் அந்த நேரத்துக்கு அவர் முழித்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"பாப்பா, புள்ளி நகருதா?"

"இல்லம்மா. நிக்குது."

"நிக்கட்டும்" என்றார். "நீயும் கொஞ்ச நேரம் தலையச் சாயேன்."

"எனக்கு 6 மணி வரைக்கும் ஷிஃப்ட்டும்மா."

"உனக்குப் பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ஃப்ளோரில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"ஆள் இருக்காங்கம்மா, நீ படு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.